மாசுக்காற்று நம் மரபணுவை மாற்றிவிடுமா? ரீல்ஸ் சொல்லாத பாதியையும் தெரிந்துகொள்ளுங்கள்!

எங்கள் டெஸ்க்கில் ஓர் அக்கா இருக்கிறார். இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் போனை என் பக்கம் நீட்டினார். முப்பது நொடி ரீல் ஒன்று ஓடியது. பின்னணியில் பயமுறுத்தும் இசை. 'மாசுக்காற்று உங்கள் டி.என்.ஏ-வையே மாற்றிவிடும். அது உங்கள் பேரன் பேத்தி வரைக்கும் போகும்' என்றது ஒரு குரல்.

"தம்பி, இது நிஜமா? நான் தினமும் ஸ்கூட்டியில கிண்டி சிக்னல்ல பஸ்ஸுக்குப் பின்னாடிதான் நிக்கிறேன்" என்றார்.

'சும்மா பயமுறுத்துறாங்க அக்கா' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால், அந்த ரீலில் பாதி உண்மை இருந்தது. மீதிப் பாதியைத் தேடி ஒரு வாரம் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினேன். கிடைத்தவற்றை அக்காவுக்குச் சொன்னதுபோலவே உங்களுக்கும் சொல்கிறேன்.

சமையல் நோட்டும் கிளிப்பும்

முதலில் ஓர் அடிப்படை விஷயம். நம் உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ-தான். கண்ணில் இருப்பதும் கல்லீரலில் இருப்பதும் ஒன்றே. அதில் புரதங்களை உருவாக்கும் மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. அப்படியென்றால் கண், கண்ணாகவும் கல்லீரல், கல்லீரலாகவும் இருப்பது எப்படி?

வீட்டில் அம்மா எழுதிவைத்த சமையல் குறிப்பு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆயிரம் குறிப்புகள் இருக்கும். சில பக்கங்களை கிளிப் போட்டு மூடிவிட்டால், அந்தப் பதார்த்தம் அந்த வீட்டில் சமைக்கப்படாது. கிளிப்பை எடுத்தால் மறுபடியும் சமைக்கலாம். நோட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதுதான் மாறியிருக்கிறது.

நம் செல்களும் இதைத்தான் செய்கின்றன. மெத்தைல் என்கிற குட்டி வேதிப்பொருள் டி.என்.ஏ-வின் சில இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். மரபணுவின் தொடக்கப் பகுதியில் அது ஒட்டினால், பெரும்பாலும் அந்த மரபணு அமைதியாகிவிடும். விலகினால் விழித்துக்கொள்ளும். கிளிப் போடுவதில் வேறு முறைகளும் உண்டு. ஆனால், விஞ்ஞானிகள் அதிகம் அளந்து பார்ப்பது இந்த மெத்தைலைத்தான்.

இந்தத் துறையின் பெயர் எபிஜெனிடிக்ஸ். 'எபி' என்றால் கிரேக்கத்தில் 'மேலே' என்று பொருள். மரபணுவுக்கு மேலே நடக்கும் விஷயம். 1942-ல் இந்தச் சொல்லை உருவாக்கியவர் பிரிட்டிஷ் உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன்.

ரீல் செய்த முதல் தவறு இங்கேதான். 'டி.என்.ஏ-வை மாற்றிவிடும்' என்றால் எழுத்தையே அழித்து எழுதுவதுபோலத் தோன்றுகிறது. இந்த ஆய்வுகள் பேசுவது எழுத்தைப் பற்றியல்ல, கிளிப்பைப் பற்றி.

மூன்று நாள் வேலையில் ஒரு மாற்றம்

சரி, காற்று அந்த கிளிப்பில் கை வைக்கிறதா? வைக்கிறது. அதுவும் நாம் நினைப்பதைவிட வேகமாக.

இத்தாலியின் பிரெசியா நகரத்துக்கு அருகே ஓர் இரும்பு உருக்கு ஆலை. அங்கே வேலை பார்த்த 63 ஆரோக்கியமான தொழிலாளர்களிடம், வாரத்தின் முதல் வேலை நாளில் ரத்தம் எடுத்தார்கள். மூன்று நாள் வேலை முடிந்ததும் மறுபடியும் எடுத்தார்கள். உடலில் அழற்சியைத் தூண்டுவதில் பங்குள்ள ஒரு மரபணுவின் மேல் இருந்த மெத்தைல் குறைந்திருந்தது. மூடியிருக்க வேண்டிய பக்கத்தின் கிளிப் தளர்ந்திருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2009-ல் வெளியான ஆய்வு இது.

அதே ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. அங்கே முன்னாள் ராணுவத்தினரின் முதுமையை 1963-லிருந்தே தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அவர்களில் 718 முதியவர்களின் ரத்தத்தை ஆண்ட்ரியா பக்கரெல்லி என்ற விஞ்ஞானியின் குழு ஆராய்ந்தது. ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய சில நாள்களில் ஊரில் வாகனக் கரிப்புகை அதிகமாக இருந்திருந்தால், 'லைன்-1' என்ற பகுதியில் மெத்தைல் குறைவாக இருந்தது. நம் மரபணுத் தொகுப்பில் சுமார் 17 சதவிகிதம் இருக்கும் இந்தப் பகுதி, பெரும்பாலும் மூடியே இருக்க வேண்டியது. அது தளர்ந்தால் செல்லின் ஒழுங்கு குலையலாம் என்பது விஞ்ஞானிகளின் கவலை.

'புகையைவிட வேறு ஏதாவது காரணமாக இருக்கலாமே' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தொழிலாளியின் உணவு, தூக்கம், சிகரெட் என்று நூறு விஷயங்கள் குறுக்கே வரும். அதனால் கனடாவின் வான்கூவரில் வேறு வழியில் முயன்றார்கள். ஆஸ்துமா உள்ள, புகைபிடிக்காத 16 பேரை ஓர் அறைக்குள் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஒருமுறை சுத்தமான காற்று, இன்னொருமுறை டீசல் புகை கலந்த காற்று. அதே மனிதர்கள், அதே அறை. மாறியது காற்று மட்டும்தான். டீசல் புகைக்குப் பிறகு அவர்களின் ரத்த செல்களில் பல இடங்களில் மெத்தைல் அளவு மாறியிருந்தது. 2014-ல் இது வெளியானது.

அந்த அறையில் இருந்த நுண்துகளின் அளவு, ஒரு கனமீட்டர் காற்றுக்கு 300 மைக்ரோகிராம். கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தெரியலாம். குளிர்காலத்தின் மோசமான நாள்களில் டெல்லி தொடுகிற எண்தான் அது.

முதுகுப் பை சுமந்த கர்ப்பிணிகள்

அக்காவின் உண்மையான கேள்வி தன்னைப் பற்றியது அல்ல, வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பற்றியது. அதற்கு நியூயார்க் போக வேண்டும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஃபிரெடெரிகா பெரேரா, 1998-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். நியூயார்க்கின் வடக்கு மன்ஹாட்டன், தெற்கு பிராங்ஸ் பகுதிகளில் வசித்த கர்ப்பிணிகளிடம் ஒரு முதுகுப் பை கொடுக்கப்பட்டது. உள்ளே, அவர்கள் சுவாசிக்கும் காற்றைச் சேகரிக்கும் கருவி. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இரண்டு நாள் அதைச் சுமந்தபடியே கடைக்குப் போனார்கள், வேலைக்குப் போனார்கள். இரவில் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கினார்கள்.

குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தம் சேகரிக்கப்பட்டது. டீசல், நிலக்கரி, குப்பை என எது சரியாக எரியாவிட்டாலும் வெளிவருகிற பி.ஏ.ஹெச் என்ற நச்சு வேதிப்பொருள்களைத் தாய் அதிகம் சுவாசித்திருந்தால், குழந்தையின் ரத்தத்தில் 'ஏ.சி.எஸ்.எல்-3' என்ற மரபணுவின் மேல் மெத்தைல் அதிகமாக இருந்தது. அப்படி இருந்த குழந்தைகளுக்கு ஐந்து வயதுக்குள் ஆஸ்துமா அறிகுறிகள் வருவதும் அதிகமாக இருந்தது. 2009-ல் வெளியான இந்த ஆய்வில் இருந்தவை 56 குழந்தைகள் மட்டும். சின்ன எண்ணிக்கைதான். ஆனால், கருவறைக்குள்ளேயே காற்று தன் தடத்தைப் பதிக்கிறதா என்று உலகம் முழுக்கத் தேட ஆரம்பித்ததற்கு இதுபோன்ற ஆய்வுகள்தான் காரணம்.

பிறகு எண்ணிக்கை பெருகியது. 2017-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் கைகோத்து, 1,508 பச்சிளம் குழந்தைகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வாகனப் புகையில் இருக்கும் நைட்ரஜன் டை ஆக்ஸைடைத் தாய் அதிகம் சுவாசித்திருந்தால், செல்லின் சக்தி நிலையமான மைட்டோகாண்ட்ரியா தொடர்பான சில மரபணுக்களில் மெத்தைல் மாறியிருந்தது.

2019-ல் பெல்ஜியத்தின் ஹாஸல்ட் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. தாய் சுவாசித்த கரித்துகள்கள், நஞ்சுக்கொடியின் குழந்தை இருக்கும் பக்கம் வரைக்கும் வந்து சேர்ந்திருந்ததை அவர்கள் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 'நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் தடுத்துவிடும்' என்ற நம் நம்பிக்கை அத்தோடு ஆட்டம் கண்டது.

நம் ஊரில் என்ன தெரியும்?

மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் மேலை நாடுகளில் நடந்தவை. பெரும்பாலும் நம்மைவிடச் சுத்தமான காற்றைச் சுவாசிப்பவர்களிடம் நடந்தவை என்பதைக் கவனியுங்கள்.

தமிழ்நாட்டில் காற்றுக்கும் கர்ப்பத்துக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன். அவரது குழு, தமிழ்நாட்டின் கிராமங்களிலும் நகரங்களிலும் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து, 2018-ல் முடிவுகளை வெளியிட்டது. காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது, குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது. எடை குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு 2 சதவிகிதம் கூடியது.

'4 கிராம்தானே, ஒரு ஸ்பூன் சர்க்கரை' என்று தோன்றலாம். ஆனால், விறகடுப்பு எரியும் சமையலறைக்கும் சுத்தமான சமையலறைக்கும் இடையே வித்தியாசம் 10 மைக்ரோகிராம் அல்ல, அதைப்போலப் பல மடங்கு. அதோடு, இது ஒரு குழந்தையின் கணக்கல்ல. ஒரு மாநிலத்தில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளின் கணக்கு.

ரீல் மறைத்த பாதி

இனி, நான் அக்காவிடம் அழுத்திச் சொன்ன பகுதி.

முதல் விஷயம், இந்த ஆய்வுகள் கண்ட மாற்றங்கள் பெரும்பாலும் மிகச் சிறியவை. ஓர் இடத்தில் மெத்தைல் அளவு ஓரிரு சதவிகிதம் கூடுவது, குறைவது என்ற அளவில்தான் பல மாற்றங்கள் இருக்கின்றன. மாற்றம் தெரிந்தாலே நோய் வந்துவிட்டது என்று பொருளில்லை. உடல் தன்னைத் தற்காத்துக்கொள்ளச் செய்யும் முயற்சியாகவும் அது இருக்கலாம்.

இரண்டாவது, பெரும்பாலான ஆய்வுகள் ரத்தத்தில்தான் நடக்கின்றன. எடுக்க எளிது என்பதே காரணம். புகை முதலில் தாக்கும் நுரையீரலில் நடப்பது ரத்தத்தில் அப்படியே தெரிய வேண்டும் என்றில்லை.

மூன்றாவது, பேரன் பேத்தி விஷயம். கனடாவின் ஹாமில்டனில் இரும்பாலைகளுக்கும் நெடுஞ்சாலைக்கும் அருகே ஆண் எலிகளை வைத்து ஆராய்ந்தபோது, அவற்றின் விந்தணுக்களில் மெத்தைல் மாறியிருந்தது உண்மை. வெளிக்காற்றை விட்டு விலக்கிய பிறகும் அந்த மாற்றம் இருந்தது. 2008-ல் வெளியான இந்த எலி ஆய்வைத்தான் பல ரீல்கள் மனிதர்கள் மேல் ஏற்றிச் சொல்கின்றன. மாசுக்காற்றின் எபிஜெனிடிக் தடம் மனிதர்களில் பேரன் பேத்தி வரை போகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இதுவரை இல்லை. விந்தணுவும் கருமுட்டையும் சேர்ந்து கரு உருவானதும், பழைய கிளிப்புகளில் பெரும்பாலானவை கழற்றப்பட்டுப் புதிதாகப் போடப்படுகின்றன. கர்ப்பிணி சுவாசிக்கும் காற்று குழந்தையைத் தொடுவது வேறு. அது பரம்பரை அல்ல, குழந்தையே நேரடியாகப் புகைக்கு ஆளாவது.

கிளிப் பழைய நிலைக்குத் திரும்புமா?

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இந்தப் பகுதிதான்.

எபிஜெனிடிக் தடங்களில் மிக நன்றாக ஆராயப்பட்டது சிகரெட் விட்டுச்செல்லும் தடம். 2016-ல் கிட்டத்தட்ட 16,000 பேரின் ரத்தத் தரவுகளை ஒன்றாக ஆராய்ந்தார்கள். புகைப்பவர்களிடம் 7,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களில் மெத்தைல் மாற்றங்கள் தெரிந்தன. ஆனால், புகையை விட்டவர்களிடம் அவற்றில் பெரும்பாலான இடங்கள், ஐந்து ஆண்டுகளுக்குள் புகையையே தொடாதவர்களின் நிலைக்குத் திரும்பியிருந்தன. சில இடங்கள் மட்டும் 30 ஆண்டுகள் கழித்தும் மாறவில்லை.

இது சிகரெட் கதை. ஊர்க்காற்றைச் சுத்தம் செய்தால் உடல் கவனிக்குமா?

சீனாவின் சோங்சிங் பகுதியில் டோங்லியாங் என்று ஓர் ஊர். அங்கே இருந்த நிலக்கரி மின் நிலையம் 2004 மே மாதம் மூடப்பட்டது. நியூயார்க்கில் முதுகுப் பை கொடுத்த அதே பெரேராவின் குழு, சீன ஆய்வாளர்களோடு சேர்ந்து, மூடுவதற்கு முன் 2002-ல் பிறந்த குழந்தைகளையும் மூடிய பிறகு 2005-ல் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டது. 2005 குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில், டி.என்.ஏ-வில் ஒட்டியிருந்த பி.ஏ.ஹெச் நச்சு குறைந்திருந்தது. மூளை வளர்ச்சிக்கு உதவும் 'பி.டி.என்.எஃப்' என்ற புரதம் கூடியிருந்தது. இது மெத்தைலை அளந்த கணக்கல்ல. ஆனால், ஒரு புகைபோக்கி நின்றதைப் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் பார்க்க முடிந்தது.

பெய்ஜிங்கிலும் இதே கதை. 2008 ஒலிம்பிக்ஸுக்காக ஆலைகளையும் வாகனங்களையும் சில வாரங்கள் கட்டுப்படுத்தினார்கள். அந்த நாள்களில் எட்டாவது மாதத்தில் இருந்த தாய்மார்களின் குழந்தைகள், முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் அதே நாள்களில் எட்டாவது மாதத்தைக் கடந்த குழந்தைகளைவிட சராசரியாக 23 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தார்கள்.

எல்லா முயற்சியும் இப்படி உடனே பலன் தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் விழுப்புரம், நாகப்பட்டினம் உட்பட நான்கு நாடுகளில் சுமார் 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேருக்கு விறகடுப்புக்குப் பதில் கேஸ் அடுப்பு கொடுத்தார்கள். விறகடுப்பிலேயே சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகள் சுமார் 70 மைக்ரோகிராம், கேஸ் அடுப்பு பெற்றவர்கள் சுவாசித்தது 24. ஆனாலும், 2022-ல் முடிவு வந்தபோது, பிறப்பு எடையில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. அந்தப் பெண்கள் ஆய்வில் சேர்ந்தது கர்ப்பம் தரித்து 9 வாரங்களுக்குப் பிறகு. புகை குறைந்த பிறகும் 24 என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு.

மாத்திரை போட்டால் சரியாகுமா?

இணையத்தில் 'எபிஜெனிடிக் டீடாக்ஸ்' என்று தேடினால் மாத்திரை விளம்பரங்கள் கொட்டுகின்றன. அவர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும் ஆய்வு 2017-ல் வெளியானது. கனடாவின் டொரன்டோவில் 10 பேருக்கு நான்கு வாரங்கள் ஃபோலிக் அமிலம், பி6, பி12 வைட்டமின்களைக் கொடுத்துவிட்டு, மாசுக்காற்றைச் சுவாசிக்கவைத்தார்கள். மெத்தைல் மாற்றங்கள் கணிசமாகக் குறைந்தன.

நல்ல செய்திதான். ஆனால், பத்தே பேர். அவர்களுக்குக் கொடுத்த ஃபோலிக் அமிலம் தினமும் 2.5 மில்லிகிராம். கர்ப்பிணிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 0.4 மில்லிகிராம். அதாவது ஆறு மடங்குக்கும் மேல். மருத்துவர் எழுதித் தந்த அளவைத் தாண்டி நீங்களாக எதையும் விழுங்காதீர்கள்.

அதேபோல, 'உங்கள் மரபணுவின் வயதைச் சொல்கிறோம்' என்று விற்கப்படும் பரிசோதனைகளும் உண்டு. 2013-ல் ஸ்டீவ் ஹார்வத் என்ற விஞ்ஞானி, டி.என்.ஏ-வில் 353 இடங்களின் மெத்தைலை வைத்து வயதைக் கணிக்கும் முறையை உருவாக்கினார். ஆய்வுகளுக்கு அது அருமையான கருவி. ஆனால், உங்கள் ஒருவரின் ஆஸ்துமாவையோ ஆயுளையோ அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

வீட்டில் செய்யக்கூடியவை

* கொசுவர்த்திச் சுருளைத் தவிர்த்து வலை கட்டுங்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது, 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவு நுண்துகள் வருகிறது என்று 2003-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.
* சமைக்கும்போதும் தாளிக்கும்போதும் ஜன்னலைத் திறந்துவையுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். மூடிய அறையில் சாம்பிராணி, ஊதுபத்திப் புகையைக் குறையுங்கள்.
* துணி மாஸ்க் நுண்துகளைச் சரியாகத் தடுக்காது. நெரிசலான சாலையில் நீண்ட நேரம் போக வேண்டியிருந்தால், முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 உதவும். மூச்சு வாங்கினால் கழற்றிவிடுங்கள்.
* மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் ஊரின் காற்றுத் தரத்தைப் பார்க்கலாம். மோசமான நாளில் குழந்தைகளின் விளையாட்டை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள்.
* போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் வேண்டாம். குப்பையைக் கொளுத்துவது எந்த நாளிலும் வேண்டாம்.
* வீட்டுக்குள் யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது. பால்கனியில் பிடித்தாலும் புகை உள்ளே வரும்.

இவை எல்லாம் நம் கையில் இருப்பவை. ஆனால், கிண்டி சிக்னலில் முன்னால் நிற்கும் பஸ்ஸின் புகை அக்காவின் கையில் இல்லை. நுண்துகள் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2021-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. இந்தியாவின் அதிகாரபூர்வ வரம்பு 40. எட்டு மடங்கு. டோங்லியாங் தாய்மார்கள் யாரும் மாஸ்க் போட்டோ மாத்திரை சாப்பிட்டோ தங்கள் குழந்தைகளின் ரத்தத்தில் நச்சைக் குறைக்கவில்லை. அங்கே ஒரு மின் நிலையத்தை மூடினார்கள். அதனால், வார்டு கவுன்சிலரிடம் குப்பை எரிப்பதைப் பற்றிப் புகார் கொடுப்பதும், பேருந்துகளையும் ஆலைகளையும் பற்றிக் கேள்வி கேட்பதும்கூட கர்ப்பிணிகளுக்கு நாம் செய்யும் பராமரிப்புதான்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டது ஒரே கேள்வி. "அப்போ, இதுவரைக்கும் சுவாசிச்சதுக்கு என்ன பண்றது?"

"அதை நினைச்சு ராத்திரி முழிச்சிருக்காதீங்க அக்கா. இனிமேல் சுவாசிக்கப் போறதைக் கொஞ்சம் மாத்தலாம். உடம்பு நிறைய விஷயத்தைத் தானே சரிபண்ணிக்கும்னு இந்த ஆய்வுகள்லயே இருக்கு" என்றேன்.

மறுநாள் அவர் ஸ்கூட்டியை வீட்டில் விட்டுவிட்டு மெட்ரோவில் வந்தார். டெஸ்க்கின் மேசைக்கு அடியில் நாங்கள் மாலை நேரத்தில் ஏற்றிவைக்கும் கொசுவர்த்திச் சுருளையும் அன்றே தூக்கிப் போட்டோம். அந்த ரீலை இன்னொருவர் உங்களுக்கு அனுப்பினால், பயந்துபோய் பார்வர்டு செய்யாமல் இந்த மீதிப் பாதியையும் சேர்த்து அனுப்புங்கள்.